இருநூறு டாலரும் ஒரு கல்யாணமும்: நெப்ராஸ்கா புல்வெளிக் காதல் நாவல்கள் எழுதிய அனுபவம்

வெஸ்டர்ன் ரொமான்ஸ் எழுதுகிறேன் என்று சொன்னால் நம் ஊரில் பலருக்கும் சிவகாசியில் அச்சான கௌபாய் காமிக்ஸ்தான் நினைவுக்கு வரும். தொப்பி, துப்பாக்கி, புழுதி, குதிரை. அண்ணனிடமிருந்து பிடுங்கி அவற்றைப் படித்து வளர்ந்தவள்தான் நானும். ஆனால் நான் ஆங்கிலத்தில் எழுதும் நாவல்களில் துப்பாக்கி எப்போதாவதுதான் வெடிக்கும். 1862-க்கும் 1890-க்கும் இடையில், அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளுக்கு நிலம் தேடிப் போன ஒரு பெண், அவள் அங்கே சந்திக்கும் ஒருவன், இரண்டு பேரும் சேர்வதற்குள் படும் பாடு. இதுதான் கதை. கடைசியில் அவர்கள் சேர்ந்தே ஆகவேண்டும். வாசகர் அந்த நம்பிக்கையில்தான் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார், அதை உடைக்கக் கூடாது.

முடிவு முன்பே தெரிந்த கதையில் வாசகரை உட்கார வைப்பது ஒரே ஒரு கேள்விதான்: இவர்கள் சேர்வதை எது தடுக்கிறது? இத்தனை வருடம் எழுதியதில் நான் உறுதியாக நம்புவது இது. அந்தத் தடை அந்தக் காலத்திலிருந்தும் அந்த மண்ணிலிருந்தும் முளைத்ததாக இருக்க வேண்டும். யாரோ ஒட்டுக்கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்வது, கடிதம் கைமாறிப் போவது, பழைய காதலி திடீரென்று வந்து நிற்பது, இதெல்லாம் எந்த நூற்றாண்டிலும் நடக்கும். 1885-ஐ விட்டு வேறெங்கும் நடக்க முடியாத தடை ஒன்று கிடைத்துவிட்டால் பாதி நாவல் கிடைத்த மாதிரி.

கணவரின் வேலைக்காக அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருக்கும் ஒமாஹா நகரத்தில் சில வருடங்கள் இருந்தோம். எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. குளிர்காலத்தில் வெளியே கால் வைக்க முடியாது. நூலகம் ஒன்றுதான் கதி. அங்கே காதல் நாவல் அடுக்கிலிருந்து நகர்ந்து நகர்ந்து நெப்ராஸ்கா வரலாற்று அடுக்குக்குப் போய்ச் சேர்ந்தேன். போனில் அம்மா, "அவங்க ஊர்க் கதைய நீ எதுக்கு கண்ணு எழுதற? நம்மூர்ல கதையா இல்ல?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு அந்தப் புல்வெளி பிடித்துவிட்டது, அதன் மேல் நடந்த கதைகளும் பிடித்துவிட்டன. அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

சரி, தடை விஷயத்துக்கு வருகிறேன். 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம்தான் இந்த வகை நாவல்களின் அச்சாணி. எழுத நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். 160 ஏக்கர் அரசு நிலம். கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 18 டாலர். அந்த நிலத்தில் வீடு கட்டி, குடியிருந்து, உழுது ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால் பட்டா உங்கள் பெயருக்கு வரும். 21 வயது நிறைந்த அமெரிக்கக் குடிமக்களும், குடிமக்களாகப் போவதாகப் பதிவு செய்த வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், கல்யாணமாகாத பெண்ணும் சேர்த்து. விதவையும் விவாகரத்தானவளும் குடும்பத் தலைவி என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். கணவனோடு வாழும் பெண்ணுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது.

இதை முதன்முதலில் படித்தபோது நூலகத்திலேயே எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். தனியாக இருந்தால் ஒரு பெண்ணுக்கு 160 ஏக்கர். தாலி ஏறிவிட்டால் விண்ணப்பிக்கும் உரிமையே இல்லை. காதல் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சை யார் போட முடியும்?

இன்னும் ஒரு படி உள்ளே போய்ப் பாருங்கள். கதாநாயகி ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டாள், பக்கத்து நிலத்துக்காரன் கதாநாயகன், அவனும் விண்ணப்பித்திருக்கிறான். இருவரும் தத்தம் நிலத்தில் குடியிருந்தாக வேண்டும் என்பது சட்டம். கல்யாணம் செய்துகொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தால் இன்னொரு நிலத்தில் குடியிருப்பு இல்லை, அது கையை விட்டுப் போகும். யாருடைய நிலம்? மூன்று வருடம் கலப்பை பிடித்தவள் விட்டுக்கொடுக்க வேண்டுமா, கிணறு வெட்டியவன் விட்டுக்கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை இருவரின் வாயிலும் போட்டால் அத்தியாயம் தானாக எழுதிக்கொள்ளும்.

அதே சட்டத்தில் ஒரு குறுக்குவழியும் உண்டு. ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டினால் ஐந்து வருடம் காத்திருக்காமலே பட்டா வாங்கிவிடலாம். 160 ஏக்கருக்கு 200 டாலர். (1891-இல் அந்த ஆறு மாதத்தைப் பதினான்கு மாதமாக ஆக்கிவிட்டார்கள். கதை எந்த வருடம் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரியும்.) மாடு ஓட்டும் கௌபாய்க்கு அப்போது மாதச் சம்பளம் 30, 40 டாலர். அந்த 200 டாலர்தான் என் முதல் நாவல். அவன் அந்தப் பணத்துக்காக ஒரு சீசன் மாட்டு மந்தையோடு போகிறான், அவள் இரண்டு நிலத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறாள். வில்லன் என்று யாரையும் வைக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

வில்லன் வேண்டுமென்றாலும் வரலாற்றிலேயே கிடைப்பான். நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 1878-இல் பெரிய மாட்டுப்பண்ணைக்காரன் ஒருவனின் ஆட்கள் இரண்டு குடியேறிகளைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். திறந்த மேய்ச்சல் நிலம் கேட்கும் பண்ணைக்காரர்களுக்கும், வேலி போடும் குடியேறிகளுக்கும் நடந்த சண்டை அது. ஜோசப் கிளிடன் 1874-இல் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு அந்தச் சண்டை இன்னும் கூர்மையானது. பண்ணைக்காரரின் மகனும் குடியேறியின் மகளும் என்று ஒரு ஜோடியை வைத்தால், அவர்களுக்கு நடுவில் ஓடும் கம்பி நிஜக் கம்பியாகவே இருக்கும்.

அதனால் புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்டால் பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன் ஒரு கவுண்டியையும் ஒரு வருடத்தையும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். 'மேற்கு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் டெக்சஸின் வெயிலும் மொன்டானாவின் பனியும் ஒரே பக்கத்தில் வந்து விழும். கஸ்டர் கவுண்டியில் புரோக்கன் போ என்ற ஊருக்கு ரயில் வந்தது 1886-இல். அதற்கு முந்தின வருடம் உங்கள் கதாநாயகி அங்கே ரயிலிலிருந்து இறங்க முடியாது. தூரத்து ஸ்டேஷனில் இறங்கி, முன்பின் தெரியாத யாருடைய வண்டியிலோ நாள்கணக்கில் வரவேண்டும். அந்த வண்டியை ஓட்டுகிறவன் யார் என்று யோசித்தால் அடுத்த காட்சி கிடைத்துவிடும். தகவலைத் தேடிப் போகிறோம், அது காட்சியைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. எனக்கு இது அடிக்கடி நடந்திருக்கிறது.

தகவல் எங்கே கிடைக்கும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டே எல்லாம் பார்க்கலாம், பெரும்பாலும் காசில்லாமல். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் செய்திகளை விட விளம்பரங்களையும், மளிகை விலைப் பட்டியலையும், தொலைந்துபோன குதிரை அறிவிப்புகளையும் படியுங்கள். அதே நூலகத்தில் சான்பார்ன் நிறுவனத்தின் தீ காப்பீட்டு வரைபடங்களும் இருக்கின்றன. ஒரு சிற்றூரின் கடைத்தெருவில் எந்தக் கட்டடம் மரம், எது செங்கல், லாயம் எங்கே, சலூன் என்ற மதுக்கடை எங்கே என்று கட்டடம் கட்டடமாகக் காட்டும். என் கதாநாயகி அஞ்சலகத்திலிருந்து துணிக்கடைக்குப் போகும் வழியில் எந்தக் கதவுகளைத் தாண்டுவாள் என்று எனக்குத் தெரியும். அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் தளத்தில் பட்டாக்களைத் தேடலாம்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு உதவியவை ஹோம்ஸ்டெட் கோப்புகள். ஐந்து வருடம் முடிந்ததும் குடியேறி அலுவலகத்துக்குப் போய், இரண்டு சாட்சிகளை வைத்து, தான் அங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். வீடு எவ்வளவு பெரியது, எத்தனை ஏக்கர் உழுதாய், என்ன பயிர், கிணறு உண்டா, எத்தனை மரம் நட்டாய், எப்போதாவது நிலத்தை விட்டுப் போனாயா, போனால் ஏன்? கேள்விகளுக்கான பதில்கள் கையெழுத்தில் இருக்கும். 'ஏன் போனாய்' என்ற கேள்விக்கு வரும் பதில்களில் பிரசவம் இருக்கிறது, சாவு இருக்கிறது, கூலி வேலைக்குப் போனது இருக்கிறது. நெப்ராஸ்கா கோப்புகள் கணினிக்கு வந்துவிட்டன. பியாட்ரிஸ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவில் அவற்றைப் பார்க்க முடியும். அந்தப் பூங்காவில் 1867-இல் கட்டிய மரவீடு ஒன்று நிற்கிறது, 14-க்கு 16 அடி. ஒரு குடும்பமே வாழ்ந்த வீடு. உள்ளே நின்று கையை நீட்டிப் பார்த்த பிறகு, 'அவன் அறையின் மறுகோடியிலிருந்து அவளைப் பார்த்தான்' என்ற வாக்கியத்தை என்னால் எழுத முடியவில்லை. மறுகோடி என்று ஒன்று அங்கே கிடையாது. அவன் குனிந்து பூட்ஸ் கழற்றினால் அவள் பாவாடை அவன் தோளில் படும். அந்த நெருக்கம் காதல் கதைக்கு எவ்வளவு பெரிய வரம்!

மரமே இல்லாத இடங்களில் புல்வேரோடு மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கிக் கட்டிய வீடுகள் இருந்தன. சாட் ஹவுஸ் என்பார்கள். சுவர் இரண்டு மூன்று அடி கனம். கோடையில் குளுகுளு, குளிரில் கதகதப்பு. மழை பெய்தால் கூரை ஒழுகும், வெளியே மழை நின்ற பிறகும் உள்ளே நிற்காது. மண்ணும் பூச்சியும் சில சமயம் பாம்பும் விழாமல் இருக்கக் கூரைக்குக் கீழே துணி கட்டுவார்கள். சுவர் கனமாக இருப்பதால் ஜன்னல் திட்டு ஆழமாக இருக்கும், அதில் பெண்கள் பூந்தொட்டி வைத்தார்கள். இந்த ஜன்னல் திட்டு என் நாவல்களில் திரும்பத் திரும்ப வரும். அதன் மேல் ஏறி உட்காரலாம், கடிதம் படிக்கலாம், வெளியே யார் வருகிறார் என்று காத்திருக்கலாம்.

சாலமன் புட்சர் என்ற புகைப்படக்காரர் 1886-இல் தொடங்கிக் கஸ்டர் கவுண்டிக் குடும்பங்களை அவரவர் வீட்டு வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் தட்டுகள், இப்போது மாநில வரலாற்றுக் கழகத்திடம் இருக்கின்றன. அதில் ஒரு படத்தில் ஹில்டன் குடும்பம் மாடுகளுக்கு நடுவே ஆர்கன் என்ற இசைக்கருவி ஒன்றைச் சுற்றி நிற்கிறது. கிழக்கே இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் படம் அனுப்ப வேண்டும். தன்னிடம் ஆர்கன் இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும், ஆனால் மண்வீட்டில் வாழ்வது தெரியக் கூடாது என்று அந்த வீட்டம்மா நினைத்திருக்கிறார். அதனால் ஆர்கனை வெளியே இழுத்து வந்து வைத்துவிட்டு, வீடு படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெண்ணின் பெருமை, கூச்சம், பிறந்த வீட்டு நினைப்பு மூன்றும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. பாத்திரம் அமைப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்கள் எனக்குத் தராததை அந்தப் படம் தந்தது.

இன்னொரு படம் கிரிஸ்மன் சகோதரிகள். நான்கு பேர், மண்வீட்டு வாசலில், சேணம் பூட்டிய குதிரைகளோடு. நிலத்துக்கு விண்ணப்பித்த அக்கா தங்கைகள், யாரும் தனியாக இருக்க வேண்டாமென்று முறை வைத்து ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிக் குடியிருப்புக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். நாவலில் தோழி பாத்திரம் எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன். காதலன் வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதில் ஆட்கள் இருக்கிறார்கள். அதை முதல் ஐம்பது பக்கத்தில் காட்டிவிட வேண்டும். காட்டாவிட்டால் அவள் எதை விட்டு அவனிடம் வருகிறாள் என்பதே வாசகருக்குத் தெரியாது.

நான் கூடுதலாகச் செய்வது ஒன்று உண்டு. அது நம் இலக்கணத்திலிருந்து வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே வாழ்பவை கருப்பொருள், மனித உணர்வு உரிப்பொருள் என்று தொல்காப்பியம் சொல்லும் வரிசையைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம் அல்லவா, அதே வரிசையில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் குறிப்பு எழுதுகிறேன். முதலில் இடம், மாதம், பொழுது. அப்புறம் அந்த மாதத்தில் அங்கே என்ன பறக்கும், என்ன பூக்கும், என்ன வேலை நடக்கும், என்ன சமைப்பார்கள். கடைசியில்தான் இந்த இரண்டு பேரும் என்ன உணர்கிறார்கள். மார்ச்சில் பிளாட் ஆற்றங்கரையில் நாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்கும், அந்தச் சத்தம் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். அப்போது ஒருவன் திரும்பி வந்தால் அவன் வருகையே வேறு மாதிரி இருக்கும். ஆகஸ்டில் சூடான காற்று சோளத்தைக் கருக்கும்போது பிரிவு. 1874-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்து இறங்கிப் பயிரையெல்லாம் தின்றது. அந்தக் கோடையில் கல்யாணப் பேச்சு எடுப்பவன் எவ்வளவு துணிச்சல்காரனாக இருக்க வேண்டும்?

1888 ஜனவரி 12 காலையில் வெயில் இதமாக இருந்தது. குழந்தைகள் கனமான கோட்டில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். பகலில் திடீரென்று பனிப்புயல் வந்து அடித்து, வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே குழந்தைகள் விறைத்துச் செத்தார்கள். வெஸ்டர்ன் ரொமான்ஸ் எழுதுகிறவர்களுக்குப் பனிப்புயல் என்றால் கதாநாயகனையும் கதாநாயகியையும் ஒரே குடிசையில் அடைத்து வைக்க ஒரு சாக்கு. நானும் எழுதும் வகைதான் இது, அந்தக் காட்சியை வாசகர்கள் விரும்புகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் இந்தத் தேதியை மட்டும் அப்படிப் பயன்படுத்தாதீர்கள். வேறு ஏதாவது புயலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நிஜமாகவே பிள்ளைகள் செத்த நாளை எடுத்தால் அந்தச் சாவைக் கதை சுமக்க வேண்டும், கடைசிப் பக்கம் வரை.

விறகில்லாத அந்தப் புல்வெளியில் அடுப்பெரிக்கக் காட்டெருமைச் சாணத்தைப் பொறுக்கினார்கள். கிழக்கிலிருந்து வரும் கதாநாயகி முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை விரல்நுனியால் தொடும் காட்சியைப் பல நாவல்களில் படித்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கத்தில் வறட்டி தட்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். எது நன்றாகக் காய்ந்தது, எது எவ்வளவு நேரம் நின்று எரியும், மழைக்காலத்துக்கு எப்படிப் பதுக்கி வைப்பது என்று எனக்குத் தெரியும். என் கதாநாயகிக்கும் மூன்றாவது வாரத்தில் அது தெரிந்துவிடும். அருவருப்பைத் தாண்டிய பிறகு வரும் கெட்டிக்காரத்தனத்தைத்தான் எழுதுகிறேன்.

நமக்குத் தெரிந்த இன்னொன்று, முன்பின் தெரியாத இருவர் கல்யாணம் செய்துகொண்டு அதன் பிறகு பழகுவது. விளம்பரம் பார்த்துக் கடிதம் எழுதி மேற்கே போய்க் கல்யாணம் செய்துகொண்ட பெண்கள் அங்கே உண்டு, இந்த வகையில் மிகவும் விற்கும் கதையும் அதுதான். பல எழுத்தாளர்கள் முதல் இரவையும் முதல் சண்டையையும் நன்றாக எழுதுகிறார்கள், நடுவில் இருக்கும் நாட்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, மணவறையில்தான் அப்புச்சியின் முகத்தைப் பார்த்தாராம். அப்புச்சிக்கு மோரில் உப்புப் போட்டால் பிடிக்காது என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆனது என்பார். கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, டம்ளரில் மிச்சம் வைத்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அந்தக் கவனிப்புதான் எனக்குக் காதல் காட்சி. என் நாவலில் அவன் காலையில் இரண்டாவது கப் காபி குடிப்பதில்லை என்று அவள் கண்டுபிடிக்கிறாள். பிறகு ஒருநாள், காபிக்கொட்டை தீரப்போகிறது என்பதால் அவளுக்காகத்தான் அவன் குடிக்காமல் இருந்தான் என்று தெரிகிறது. அதற்கு முந்தைய நூறு பக்கத்தில் முத்தமே கிடையாது. வாசகர்கள் அந்தக் கப்பைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

உடை, குதிரை, துப்பாக்கி பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட் என்ற உள்ளாடையை முதுகுப்பக்கக் கயிற்றை முழுக்க உருவிக் கழற்ற வேண்டியதில்லை. அந்தக் காலத்துக் கார்செட்டுக்கு முன்பக்கம் கொக்கி உண்டு, தனியாக வாழும் பெண் தானே போட்டுக் கழற்றிக்கொள்வாள். மாடு ஓட்டுகிறவன் கறுப்புப் பொலிகுதிரையில் வருவது அட்டைப்படத்துக்குச் சரி, வேலைக்கு அவர்கள் வைத்திருந்தது காயடித்த குதிரைகள். மந்தையோடு போகும்போது ஆளுக்குப் பல குதிரை, ஒரு நாளுக்குள்ளேயே மாற்றி மாற்றி ஏறுவார்கள். குதிரை களைக்கும், தண்ணீர் குடிக்கும், லாடம் கழன்று விழும். நாள் முழுக்க அது நாலு கால் பாய்ச்சலில் ஓடாது. மந்தையோ ஒரு நாளைக்கு 10, 15 மைல்தான் நகரும். டாட்ஜ் சிட்டி மாதிரி ஊர்களில் ஊருக்குள் துப்பாக்கியோடு திரிய அனுமதி இல்லை, ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அப்புறம், கௌபாய்களில் கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள், மெக்சிகர்களும் நிறைய. எல்லாரையும் வெள்ளை முகமாக எழுதுவது வரலாறே இல்லை.

இனி நான் மிகவும் அக்கறைப்படும் விஷயம். 160 ஏக்கர் இலவசம் என்று சொல்கிறோமே, அது யாருடைய நிலம்? நெப்ராஸ்காவின் நடுப்பகுதி பாவ்னி என்ற பூர்வகுடி மக்களின் மண். 1870-களில் அவர்கள் தெற்கே இந்தியன் டெரிட்டரிக்கு (இன்றைய ஓக்லஹோமா) போகும்படி ஆனது. என் கதாநாயகி கண்ணீரோடு பட்டா வாங்கும் காட்சியை எழுதும்போது அதுவும் என் மேஜை மேல் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்த வகை நாவல்கள் பூர்வகுடி ஆணை 'காட்டு வீரன்' என்று அட்டையில் போட்டு விற்றன, கடத்திப்போவதைக் காதல் என்று எழுதின. அது பழைய கதை என்று சொல்லிவிட முடியாது. 2021-இல் அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம், வூண்டட் நீ படுகொலையில் பங்கெடுத்த வீரனைக் கதாநாயகனாக வைத்த ஒரு நாவலுக்கு விருது கொடுத்தது, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1890 டிசம்பர் 29 அன்று நூற்றுக்கணக்கான லகோட்டா பூர்வகுடி மக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்ட இடம் வூண்டட் நீ. அதைக் கதாநாயகன் மனம் திருந்துவதற்கான முன்கதையாக வைக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. திரும்பப் பெற்றது சரிதான்.

நான் கடைப்பிடிப்பது இவ்வளவுதான். கதை நடக்கும் கவுண்டியில் முன்பு யார் இருந்தார்கள், எந்த ஒப்பந்தத்தால் போனார்கள், கதை நடக்கும் வருடத்தில் எங்கே இருந்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்வது. அந்த மக்களில் ஒருவர் கதைக்குள் வந்தால் அவருக்குப் பெயர், தொழில், அவருக்கென்று ஒரு காரியம் இருக்க வேண்டும். வழிகாட்டவும் மூலிகை கொடுக்கவும் மட்டும் வந்துபோகக் கூடாது. அவர்களின் மனதுக்குள் புகுந்து எழுத வேண்டியிருந்தால் அந்தச் சமூகத்தில் ஒருவரிடம் பணம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கருத்துக் கேட்பது.

வெளியீடு பற்றி ஓரிரு வார்த்தை. அமேசானில் மின்நூலாகப் போடுகிறேன். 2.99 டாலருக்கும் 9.99 டாலருக்கும் இடையில் விலை வைத்தால் 70 சதவீத ராயல்டிக்குத் தகுதி உண்டு, அதற்குக் கீழே வைத்தால் 35 சதவீதம். கணக்குத் தொடங்கும்போது வரும் வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய அமெரிக்க ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், அமெரிக்காவில் பிடிக்கும் 30 சதவீதம் 15 ஆகக் குறையும். அட்டைக்குக் கை கூசாமல் செலவழியுங்கள். உடை எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது என்று இந்த வாசகர்கள் அட்டையிலேயே பார்த்துவிடுவார்கள். படுக்கையறைக் காட்சி எவ்வளவு தூரம் போகும் என்பதையும் அறிமுகக் குறிப்பில் சூசகமாகச் சொல்லிவிட வேண்டும். கதவு மூடியதோடு நிறுத்தும் கதையைத் தேடுகிறவர்கள் தனி, மூடாத கதையைத் தேடுகிறவர்கள் தனி. மாற்றிக் கொடுத்தால் இரண்டு பக்கமும் கோபம் வரும். மற்றபடி விற்பனை பற்றி எனக்குப் பெரிய சூத்திரம் எதுவும் தெரியாது. ஒரே கவுண்டியில் நடக்கும் தொடர் நாவல்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன, அவ்வளவுதான்.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது 1879 ஒமாஹா. பாங்கா என்ற பூர்வகுடி மக்களை 1877-இல் நையோப்ரரா ஆற்றங்கரையிலிருந்து இந்தியன் டெரிட்டரிக்கு விரட்டினார்கள். அங்கே செத்துப்போன மகனைச் சொந்த மண்ணில் புதைப்பதாகக் கொடுத்த வாக்குக்காக, கடும் குளிரில் உடலை எடுத்துக்கொண்டு வடக்கே புறப்பட்டார் தலைவர் ஸ்டாண்டிங் பேர். கைதானார். 1879 மே மாதம் ஒமாஹாவில் நடந்த வழக்கில், பூர்வகுடி மனிதரும் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர்தான் என்று நீதிபதி எல்மர் டண்டி தீர்ப்பளித்தார். செய்தியை நாடெங்கும் கொண்டு போனவர் உள்ளூர்ப் பத்திரிகையாளர் தாமஸ் டிபிள்ஸ். பிறகு தலைவரோடு கிழக்கு நகரங்களுக்குப் போய் மேடை மேடையாக மொழிபெயர்த்தவர் ஒமாஹா என்ற பூர்வகுடி இனத்துப் பெண் சூசெட் லா ஃப்ளெஷ். அவரும் டிபிள்ஸும் பின்னாளில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தக் காதலை நான் எழுதவில்லை. அது அவர்களுடையது, வரலாற்றில் பதிவானது. அதன்மேல் கற்பனை வசனம் எழுத எனக்கு மனம் வரவில்லை. என் கதாநாயகி அந்தச் செய்தியை அச்சுக்கோக்கும் பெண், கதாநாயகன் அதை ராத்திரியில் தந்தியில் அடித்து அனுப்புகிறவன். தீர்ப்பு வரும்வரை இருவருக்கும் தூக்கம் கிடையாது, அச்சுக்கூடத்துக்கும் தந்தி அலுவலகத்துக்கும் நடுவே ஒரு தெரு. வழக்கு மன்றக் காட்சிகள் இருக்கும் மூன்று அத்தியாயங்களையும் பூர்வகுடி வாசகர் ஒருவருக்கு அனுப்பியிருக்கிறேன். அவர் குறிப்புகள் வந்த பிறகுதான் அடுத்த அத்தியாயத்தைத் தொடுவேன். அதுவரை 1879-இல் தந்தி ஆபரேட்டர்களுக்கு ராத்திரி ஷிஃப்ட் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பழைய செய்தித்தாள்களில் தேடிக்கொண்டிருக்கிறேன்.